கோரிக்கை மனு: கன்னியாகுமரிக் கடற்கரை மணலின் இயற்கைக் கதிர்வீச்சைப் பருவந்தோறும் அளந்து தமிழில் வெளியிட வேண்டுதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் மற்றும் கடலோர ஊர் மக்கள்,
மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: முட்டம் முதல் குளச்சல் வரையிலான கடற்கரைப் படிவுகளில் இயற்கைக் கதிரியக்கத்தை முறைப்படி அளந்து, முடிவுகளை ஊர்தோறும் அறிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் கரையின் மணலில், தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தைக் கொண்ட மோனசைட் தாது கலந்திருப்பது 1909ஆம் ஆண்டிலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர்தான் அதை அடையாளம் கண்டார். இந்திய மோனசைட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடும், சிறிதளவு யுரேனியமும் உண்டு. ஆயினும், தம் வீட்டு வாசலில் உள்ள மணலில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று இக்கரையில் வாழும் ஒரு மீனவர் கேட்டால், அவருக்குப் புரியும் மொழியில் விடை சொல்லும் ஏற்பாடு எதுவும் இன்றுவரை எங்கள் ஊர்களில் இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்து தர வேண்டும் என்பதே இம்மனுவின் வேண்டுகோள்.

அளவீடே நடக்கவில்லை என்று நாங்கள் கூறவில்லை. ஆய்வாளர்கள் பலர் இக்கரையில் மணல் எடுத்து, ரேடியம்-226, தோரியம்-232, பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கப் பொருள்களை அளந்திருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை எடுத்த மாதிரியைக் கொண்டு இக்கரையை மதிப்பிட இயலாது. குவார்ட்ஸ் என்னும் சாதாரண வெண்மணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், மோனசைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 5 கிராம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையை அரிக்கும்போது எடை குறைந்த வெண்மணல் கடலுக்குள் போய்விட, இல்மனைட், சிர்கான், மோனசைட் போன்ற கனமான தாதுக்கள் கருமணலாகக் கரையில் தங்கிவிடுகின்றன. பருவம் ஓய்ந்தபின் வெண்மணல் மீண்டும் வந்து அதை மூடுகிறது. ஆகவே ஒரே இடத்தில் ஆடியில் எடுத்த மணலும் தையில் எடுத்த மணலும் ஒரே அளவைக் காட்ட வேண்டியதில்லை. அலை ஏறும் கோட்டிலிருந்து சில அடி தள்ளி எடுத்தாலும், ஓர் அடி ஆழத்தில் தோண்டி எடுத்தாலும் எண் மாறும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், அதன் பின் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் மணல் சேரும் இடங்களை மாற்றியிருப்பதால், பழைய அளவீடுகளை இன்றைய கரைக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதும் சரியாகாது.

மற்றொரு செய்தியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். எங்களுக்கு மிகவும் முக்கியமானது இதுவே. கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும்போது, ஒரு மனிதர் நாளில் 20 விழுக்காடு நேரம், அதாவது ஐந்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாக, வெளியில் இருப்பதாகக் கொள்வது உலக வழக்கு. மணலிலேயே வலை பின்னி, மீன் காயவைத்து, படகைக் கரையேற்றி வாழும் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ மணலில் தோரியம்-232 மட்டும் 1000 பெக்கரல் (நொடிக்கு 1000 அணுச் சிதைவு) இருப்பதாகக் கொண்டால், மணலின் கதிரியக்கத்தைக் காற்றின் கதிர்வீச்சாக மாற்றும் வழக்கமான குணகத்தின்படி காற்றில் மணிக்கு 604 நானோகிரே (உட்கொள்ளப்படும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு இருக்கும். உலகச் சராசரி ஏறத்தாழ 59. 20 விழுக்காட்டுக் கணக்கில் இது ஆண்டுக்கு 0.74 மில்லிசீவர்ட் (உடலில் ஏற்படும் கதிர்வீச்சுப் பாதிப்பைக் குறிக்கும் அலகு) ஆகிறது. அதே மணலில் நாளுக்குப் பத்து மணி நேரம் இருப்பவருக்கோ 1.5 மில்லிசீவர்ட்டைத் தாண்டுகிறது. கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்தான் இது, எந்த ஊரின் அளவும் அன்று. ஆனால் மக்களின் வாழ்முறையைக் கேட்டறியாமல் போடப்படும் கணக்கு எவ்வளவு பிசகும் என்பதை இது காட்டும்.

மக்களிடையே அச்சத்தைப் பரப்புவது எங்கள் நோக்கமன்று. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் நெடுங்காலம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2009ஆம் ஆண்டு வெளிவந்தபோது, இயற்கைக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாக அதில் காணப்படவில்லை. எங்கள் ஊர்களில் யாருக்கேனும் புற்றுநோய் வந்தால் மணலின் மீது பழி போடுவோரும் உண்டு, மணலில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. இரு தரப்பாரிடமும் எண் இல்லை.

எனவே, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தகுதி வாய்ந்த கதிரியக்க ஆய்வுக்கூடம் ஒன்றும் இணைந்து, நிலையாகக் குறிக்கப்பட்ட இடங்களில், ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்னும் பின்னும், மேற்பரப்பிலும் ஆழத்திலும் மாதிரி எடுக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். ரேடியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயு வெளியேறாமல் மணலோடு முழு அளவில் சேர வேண்டும், அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 3.8 நாள் என்பதால், உலர்த்திச் சலித்த மணலைக் காற்றுப் புகாத கலனில் ஏறத்தாழ நான்கு வாரம் மூடி வைத்த பின்னரே காமாக் கதிர்களை அளக்கும் கருவியான காமா நிறமாலைமானியில் வைக்க வேண்டும். அவசரமாக அளந்தால் ரேடியத்தின் அளவு குறைவாகத் தெரிந்துவிடும். மாதிரி எடுக்கும் அதே இடங்களில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கையடக்கக் கருவியாலும் அளக்க வேண்டும். வீடு கட்டவும் தரை நிரப்பவும் இந்த மணலைப் பயன்படுத்தியிருக்கும் வீடுகளில், உரிமையாளரின் சம்மதத்துடன், உள்ளேயும் அளப்பது நல்லது.

முடிவுகள் வந்ததும், அவற்றின் பிழை வரம்புடனும் உலகச் சராசரியுடன் ஒப்பிட்டும் எளிய தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்ட வேண்டும். கிராம சபையில் அதிகாரி ஒருவர் நேரில் விளக்க வேண்டும். மாதிரி எடுக்கும் இடங்களைக் காட்டவும், மணல் எப்போது எங்கே கறுக்கிறது என்பதைச் சொல்லவும் எங்கள் ஊர் மூத்த மீனவர்கள் உடன் வருவார்கள்.

வரும் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் முதல் அளவீட்டை நடத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் மற்றும் கடலோர ஊர் மக்கள்

இடம்: மணவாளக்குறிச்சி