தேர்வுத் தாளில் ஈரக் கைரேகை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் நடந்த கணிதத் தேர்வில், முதல் பக்கத்தைப் புரட்டியதும் எழுத்தெல்லாம் நீந்துவதுபோல் இருந்ததாம். உள்ளங்கை வியர்த்து, தாளின் ஓரம் ஈரமாகி, பென்சில் வழுக்கியிருக்கிறது. தெரிந்த பின்னக் கணக்கையே மூன்று முறை அழித்து எழுதினாளாம். அந்த இடத்தில் தாள் கிழிந்துபோனதை என்னிடம் காட்டினாள். படிக்காத பிள்ளை இல்லை, ஐயா. முந்தின இரவு அதே மாதிரிக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் எனக்கே சொல்லிக்கொடுத்தாள்.

2021 முதல், ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் டி-ஸ்கோர் போய், எடுத்த மதிப்பெண் எந்த வரம்பில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் அடைவுநிலை வந்துவிட்டது. 90 எடுத்தாலும் 99 எடுத்தாலும் ஒரே நிலைதான். 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வும் எடுக்கப்பட்டது. நல்ல மாற்றங்கள். ஆனால் எங்கள் வீடுகளில்? தீபாவளிக்கு வரும் உறவினர்கள் பலகாரத் தட்டில் கை வைப்பதற்குள், "உனக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அன்று அவள் பள்ளி விட்டு வந்தபோது, தண்ணீர்கூடக் கொடுக்காமல் அதைத்தான் முதலில் கேட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். தாளைக் கொடுத்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். சரி, பெற்றோருக்கு? அன்று மாலை மதிப்பெண் பேச்சு வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாயார், ஈசூன்