உன் எண்ணோடு இரண்டைக் கூட்டினால்

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் புலம்பினாயே, உன் நிரலில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 4294967295 என்று வந்து நிற்கிறது என்று. 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கங்களில், அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான் என்று நீயே விளக்கவும் செய்தாய். போனை வைத்த பிறகும் அந்த எண் என்னை விடவில்லை. அதோடு இரண்டைக் கூட்டினால் என் பழைய எதிரி வந்துவிடுகிறான்: 4294967297.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் அதை உடைத்துவிட்டார்: 641 × 6700417.

கல்லூரி நாட்களில், விடையைத் தெரிந்துகொள்ளாமல் நானே கண்டுபிடிக்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்து 311 வரை வந்து, கை ஓய்ந்து விட்டுவிட்டேன். 641 என்பது 116-ஆவது பகா எண். பாதி வழிதான் வந்திருக்கிறேன்! இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அது தெரிந்திருந்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தலில் முடிந்திருக்கும்.

வகுக்காமலேயே காட்டவும் ஒரு வழி உண்டு. ஒரு தாளை எடுத்துக்கொள். 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16. இனி 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார். முதல் வரிப்படி 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதாவது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்து: 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் வரிப்படி 5⁴, அதாவது 625, −16-க்குச் சமம், அதுவோ −2⁴. அதை அங்கே போட்டால் −2³² என்பது 1. ஆக, 2³² + 1-க்கு மீதியே இல்லை. இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உன் எண்ணுக்கு வருகிறேன். 2³² − 1-ஐ (2¹⁶ + 1)(2¹⁶ − 1) என்று பிரி. பின்பாதியை மறுபடி அதே மாதிரி பிரித்துக்கொண்டே போ. கடைசியில் மிஞ்சுவது 65537 × 257 × 17 × 5 × 3. ஃபெர்மா பார்த்த அந்த வகையில் இதுவரை தெரிந்த பகா எண்கள் மொத்தமே இந்த ஐந்துதான். ஐந்தும் உன் எண்ணுக்குள் இருக்கின்றன.

6700417-ஐயும் 64-ஆல் வகுத்துப் பார், மீதி 1 வரும். எனக்கு முதல் தடவை 17 வந்தது. கழித்தலில் தப்பு என்று அம்மாதான் கண்டுபிடித்தாள்.

நிரல் சரியாகிவிட்டதா? எழுது.

அப்பா