மூன்று பேருக்கு டிக்கெட்

திருநெல்வேலி டவுன்,
16-11-2025, ஞாயிறு

அன்பு மகள் காந்திமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும் பழைய மாதிரிதான். இப்போது நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிருக்கிறாள், திரும்ப 8 மணி ஆகும். நீ போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நடுவில் நான் ஒரு வார்த்தை நுழைக்க முடிவதில்லை. அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும். சின்ன வயதிலேயே டாக்டர் சீட்டைப் படித்தவள்தானே.

டிசம்பர் 14 கிளம்புகிறாய் என்று அம்மா சொன்னாள். "மூணு பேருக்கு டிக்கெட் போட்டாச்சு" என்றாயாம். அவள் நீ, கவின், யாழினி என்று விரலை மடக்கி எண்ணினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு வருடக் கடைசியில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று நான்தான் சொல்லி வைத்தேன். சரிதானே?

தனியாக இரண்டு பிள்ளைகளோடு வருவது சும்மா இல்லை. நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள்.

முதலில் காது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. 6,000 அடி, 8,000 அடி உயர மலையில் இருக்கிற மாதிரிதான் வைத்திருப்பார்கள். நம் கொடைக்கானல் என்று வைத்துக்கொள். மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் வரை ஏழெட்டு மணி நேரம் அந்தப் பச்சைப்பிள்ளை கொடைக்கானலில் இருக்கப் போகிறது. ஏறும்போது அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் வலி. வத்தலக்குண்டு வருவதற்குள் நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பஸ்ஸே அதிரக் கத்தியதும், உன் அண்ணன் சங்கரன் சிரித்து அடி வாங்கியதும் ஞாபகம் இருக்கிறதா? மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகிற குழாய் குழந்தைகளுக்கு ரொம்பச் சன்னம். எதையாவது விழுங்கினால்தான் திறக்கும். தரை தொடுவதற்கு அரை மணி முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும். அப்போதே யாழினிக்குப் பால் கொடு. தூங்கினாலும் எழுப்பிக் கொடு. தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று ஆச்சி சொல்வாள், அது வீட்டுக்கு. கவினுக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சட்டும். கல்லு மிட்டாய் வேண்டாம், விமானம் குலுங்கினால் தொண்டையில் போய் நிற்கும்.

ஆகஸ்டில் அவனுக்குக் காதில் சீழ் வந்ததே, கிளம்புவதற்கு முந்தின வாரம் டாக்டரிடம் காட்டிவிடு. சளியும் காதுவலியுமாக ஏற்றாதே. தேதி மாற்றினால் பணம் போகும், போகட்டும்.

அடுத்தது மடி. யாழினியை மடியில் வைத்துக்கொண்டே வந்துவிடுவேன் என்றாயாம். இரண்டு வயதுக்குள் மடியில் வைக்கலாம் என்று விதி இருக்கிறது, அதனால் அது பத்திரம் என்று ஆகிவிடாது. போன வருடம் மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மர் வானத்தில் குலுங்கியதே, பேப்பரில் படம் பார்த்தேன். பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். பாங்காக்கில் இறக்கினார்கள், ஒருவர் இறந்தே போனார். அந்த மாதிரி நேரத்தில் கையால் பிடித்துக்கொள்வேன் என்று எந்தத் தாயும் சொல்ல முடியாது. அவளுக்குத் தனி சீட் போடு. காரில் வைக்கிற சீட் இருக்கிறதல்லவா, விமானத்தில் வைக்கலாம் என்று அதில் ஒட்டியிருக்கிறதா பார், இல்லாவிட்டால் விமானக் கம்பெனியில் கேள். ஆகிற பணத்தை நான் அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டாம்.

தொட்டில்தான் கொடுப்பார்கள் என்றால், பெல்ட் விளக்கு எரிந்ததும் அவளை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்கென்று தனி பெல்ட் கேட்டு வாங்கு. உன் பெல்ட்டுக்குள்ளேயே அவளையும் சேர்த்துக் கட்டாதே, குலுங்கினால் உன் கனமே அவளை நசுக்கிவிடும். இரண்டு பேரையும் ஜன்னல் பக்கம் உட்கார வை. வண்டி தள்ளிக்கொண்டு போகிற நடைபாதையில் கவின் கையை நீட்டுவான். சூடாகக் காப்பி வாங்காதே. காப்பி இல்லாமல் நீ இருக்க மாட்டாய், தெரியும். இருந்துகொள்.

நீ பாத்ரூம் போக வேண்டும் என்றால் யாழினியை யார் வைத்துக்கொள்வார்கள்? இதை யோசித்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

நீ சமாளித்துவிடுவாய். 2011-ல் சென்னை ஏர்போர்ட்டில் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியே பார்க்காமல் உள்ளே போனவள் நீ. மேடையேறச் சொன்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளையா இது என்று உன் அத்தைக்கே ஆச்சரியம். எனக்குப் பெருமைதான். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம் என்றும் தோன்றியது. இப்போதும் அப்படித்தானே செய்கிறாய். எல்லாம் முடிவு செய்துவிட்டுத் தேதியை மட்டும் சொல்கிறாய், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல. சரி, விடு.

அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் பிள்ளைகளை வெளிநாடு கூட்டிப் போனால், மற்றவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் கையில் இருப்பது நல்லது என்கிறார்கள். எல்லா இடத்திலும் கேட்பதில்லை, கேட்டால் காட்டலாம். மாப்பிள்ளையிடம் வாங்கிக்கொள். ஒரு பக்கம் போதும், பிள்ளைகள் பெயர், பாஸ்போர்ட் நம்பர், போகிற தேதி, வருகிற தேதி.

அப்புறம் அம்மை ஊசி. இங்கே 9 மாதத்தில் தட்டம்மைக்குப் போட்டுவிடுவோம், உங்கள் ஊரில் 12 மாதத்தில்தான் முதல் ஊசி. வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 மாதத்துக்கு மேல் முன்னாலேயே போடுவார்கள், டாக்டரிடம் கேள். பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், அதனால் இந்த வாரமே கேள். அது கணக்கில் சேராது, 12 மாதத்தில் மறுபடியும் போட வேண்டும். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, கொசு. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் சேர்த்து வலை வாங்கிவிட்டேன். மாடித் தொட்டியை நானே தேய்த்து மூடினேன்.

மருந்து எதையும் பெரிய பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. பாட்டிலை மாற்றாதே. பாரசிட்டமால் அங்கிருந்தே கொண்டு வா. இங்கே ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250, சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. அளவு மாறினால் வினை. எடைக்குத் தகுந்த அளவை உன் டாக்டரிடம் எழுதி வாங்கு, கூட வருகிற குழலால் அள, அடுப்படிக் கரண்டி கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நான் வாங்கி வைக்கிறேன். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கிற வேலை வேண்டாம், 31 வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்தது. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை விற்றார்கள். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று போன மாதம்தான் உத்தரவு வந்திருக்கிறது.

இருமல் சிரப் மட்டும் வேண்டவே வேண்டாம். போன மாதம் பேப்பர் பூரா அதுதான். காஞ்சிபுரம் பக்கம் தயாரான சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துப் போனார்கள். டைஎதிலீன் கிளைகால் என்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்ததாம். அதைப் படித்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வயதாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் கலங்குகிறீர்கள் என்றாள் அம்மா. அவளுக்குத் தெரியாது.

யாராவது, "ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மூடி தூக்க மருந்து கொடுத்துடு, நிம்மதியா வரலாம்" என்பார்கள். அந்தப் புரோமெதசின். உங்கள் ஊரில் 6 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொடுக்காதே. எவ்வளவு அழுதாலும், எத்தனை பேர் திரும்பிப் பார்த்தாலும் கொடுக்காதே.

1989 மே மாதம், பெரம்பூர் கல்யாணம் முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தோம். சங்கரனுக்கு 4 வயது, உனக்கு 10 மாதம். இப்போது உன் கையில் இருக்கிற கணக்கேதான். செங்கல்பட்டிலிருந்து நீ அழுகை. அம்மா சங்கரனைப் போட்டுக்கொண்டு மேல் பெர்த்தில் தூங்கிவிட்டாள். எதிர் சீட்டுக்காரர் ஒருவர், "பிள்ளையை அடக்க முடியாதவங்க எதுக்கு ரயில்ல வர்றீங்க" என்றார். எனக்கு ரோஷம். பையில் அந்தப் பாட்டில் இருந்தது. ஒரு அளவு கொடுத்தேன். நீ அடங்கவில்லை. விழுப்புரம் தாண்டி இன்னொரு அளவு. அந்தக் காலத்தில் எல்லாரும் கொடுத்தார்கள் என்று இப்போது சொல்லலாம். எல்லாருக்கும் அளவு தெரியாது, எனக்குத் தெரியும். நான் மருந்தாளுநர்.

திண்டுக்கல் தாண்டி அம்மா இறங்கி வந்து பால் கொடுக்க எடுத்தாள். தலை தொங்கியது. மூச்சு எப்போதோ ஒன்று. மதுரையில் பெட்டிகளையெல்லாம் ரயிலிலேயே விட்டுவிட்டு ஓடினோம். அந்த டாக்டர் சின்னப் பையன், என்னைப் பார்த்து "ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் அம்மா நின்றாள். "ஒண்ணும் கொடுக்கலை" என்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மதி. அவர் உன்னை உள்ளே தூக்கிப் போன பிறகு நான் வராந்தாவில் நின்றேன். அப்புறம்தான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவர் காதில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாயங்காலம் நீ கண் திறந்தாய். ஜன்னி கண்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டதுதான் வருடா வருடம் சாத்துகிற அந்தப் புடவை. 36 புடவைக்கு நான்தான் பணம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை யாழினியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாத்த வேண்டும் என்கிறாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்காதே. கேட்கும்போது வாயைத் திறக்காமல் நிற்பது எனக்கும் பழக்கமான வேலைதான். அதனால் நான் உன்னை எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் அந்தக் கடிதம் வாங்குவதில் சங்கடம் இருந்தால், எனக்கு ஒரு வரி எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் தெரியாது. இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அங்கே காலை 6 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30, அந்த நேரத்துக்குக் கவின் எழுந்து உட்கார்ந்துகொள்வான். எழட்டும். நான் எப்படியும் விழித்துத்தான் இருப்பேன், அவனோடு திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ தூங்கு. ஜனவரி கடைசியில் அவனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் என்றாயே, யூனிபார்ம் வாங்கியாகிவிட்டதா?

டிசம்பர் 15-லிருந்து இரண்டு லிட்டர் ஊற்றச் சொல்லிப் பால்காரரிடம் சொல்லிவிட்டேன். எது வரைக்கும் என்று கேட்டார். மகள் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. சிங்கப்பூரில் ஒரு தடவை, சென்னையில் ஒரு தடவை. இரண்டு இடத்திலும் இறங்கும்போது யாழினியை எழுப்பிப் பால் கொடு.