செமி ஹாலோ கிட்டார்: வாங்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த விலையில் செமி ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் தேடுபவர்கள் நிறத்தையும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பையும் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பின்னால் செலவு வைப்பது அவையல்ல, வயரிங்.

கிப்சன் 1958இல் கொண்டுவந்த இஎஸ்-335 தான் இந்த வகைக்கு முன்மாதிரி. உடலின் நடுவே நீளவாக்கில் ஒரு மரக்கட்டை, இருபுறமும் வெற்றிடம். எபிஃபோனின் இஎஸ்-335, ஐபனெஸ் ஏஎஸ்73 போன்றவை இதே அமைப்பு. எபிஃபோன் கசினோ பார்க்க அப்படியே இருந்தாலும் உள்ளே கட்டை கிடையாது. ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) உரக்க வைத்தால் சீக்கிரமே ஊளையிடும். செல்போன் டார்ச்சை எஃப் வடிவத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். நடுவில் மரச்சுவர் தெரிய வேண்டும்.

இந்தக் கிட்டார்கள் பெரும்பாலானவற்றின் முதுகில் திறக்கும் மூடி இருக்காது. வால்யூம் கன்ட்ரோலோ ஸ்விட்சோ பழுதானால் எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு கன்ட்ரோலின் தண்டிலும் நூல் கட்டி உள்ளே இறக்கி, வேலை முடிந்ததும் அந்த நூலைப் பிடித்து அதனதன் ஓட்டைக்கு இழுத்துவர வேண்டும். கூலி அதற்கேற்பத்தான் இருக்கும். பிக்கப் மாற்றினாலும் இதே பாடுதான்.

ஆகவே கடையிலேயே ஆம்பில் செருகி, நான்கு நாப்களையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் திருகிப் பாருங்கள். கரகரப்பு வந்தால், இருபது முப்பது முறை திருகியதும் போய்விடுகிறதா என்று பாருங்கள்; போனால் வெறும் தூசி. ஒரே இடத்தில் ஒலி அறுபட்டால் அந்தக் கிட்டார் வேண்டாம். ஜாக்கில் கேபிளை லேசாக அசைத்தும் பார்க்க வேண்டும். ஜாக்கை வெளியே பிடித்திருக்கும் திருகு நட் தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் அப்படியே முறுக்கக் கூடாது: உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழலும், வயர் முறுகி அறும். ஜாக்கின் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் எதையாவது செருகி, அது சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும்.

சுருதி நிற்காவிட்டால் உடனே டியூனிங் கீயைக் குறை சொல்கிறார்கள். மலிவு கிட்டார்களில் பெரும்பாலும் குற்றவாளி நட்டின் பள்ளம்தான் (இந்த நட் திருகு அல்ல, கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பதிந்து செல்லும் சிறு கட்டை). மூன்று-மூன்றாகக் கீ அமைந்த தலையில் மூன்றாவது, நான்காவது கம்பிகள் நட்டைத் தாண்டியதும் அதிகம் வளைந்து செல்வதால் அங்கே சிக்குகின்றன. மூன்றாவது கம்பியை ஒருமுறை நன்றாக இழுத்து விடுங்கள். சுருதி மாறினால் பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்தை அராவ வேண்டும், இது பெரிய செலவில்லை. கம்பியின் உயரம் 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. போதும்.

வயரிங் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் டெலிகாஸ்டர் தின்லைன் வகையைப் பார்க்கலாம். உடலைக் குடைந்து செய்தது; மேலே உள்ள திருகுகளைக் கழற்றினாலே வயரிங் கைக்கு எட்டும். 335இன் உருண்ட ஒலி அதில் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

பையையும் சேர்த்தே வாங்குங்கள். 335 வகையின் உடல் சுமார் 16 அங்குல அகலம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் பையில் நுழையாது.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்பவர்,
சென்னை.