பன்றிக்குப் பறவைத் தோட்டா கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல, கோப்புகள் உங்கள் மேசையில்தான் கிடக்கின்றன. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உங்கள் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் கமக்காரருக்கு, பன்றிக்கு ஏற்ற தோட்டாவைத் தர மறுக்கிறீர்கள் என்பதுதான் விசயம். ஆகவே மற்ற முன்கதையை விட்டுவிடுகிறேன். போன கிழமை என் மச்சான் வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த கையோடு உங்கள் கருமபீடத்தின் முன் நின்றார். அவருடையது 12 போர், ஒரே வெடியில் பல ஈயக் குண்டுகளை, அதாவது சன்னங்களை, சிதறவிடும் வேட்டைத் துவக்கு. அதற்குப் பெரிய சன்னமுள்ள எஸ்.ஜி. தோட்டா வேண்டும் என்று கேட்டார். "பன்றிக்கு எதற்கு எஸ்.ஜி.? நாலாம் நம்பர் காணாதா? இதைக் கேட்கிற ஆட்கள் வேறு எதற்கோ கேட்கிறார்கள்" என்று பதில் வந்தது.

ஐயா, நாலாம் நம்பர் காணாது. ஏற்கெனவே சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்தார்.

நாலாம் நம்பர் தோட்டாவில் ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு ஏறத்தாழ 170 சன்னம். ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் சொச்சம். காட்டுக்கோழிக்கு, முயலுக்கு அது போதும். எஸ்.ஜி.யில் அதே அவுன்ஸுக்கு 8 சன்னம்தான், ஒவ்வொன்றும் 8 மில்லிமீற்றருக்கு மேல். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளிலிருந்து விலா வரை தோலுக்கடியில் தடித்த கவசம் ஒன்று இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று முட்டும்போது கொம்புப்பல்லைத் தாங்குவதே அதுதான். அதற்குள் எது இறங்கும், எது இறங்காது என்பது வன்னியில் பரணில் படுத்த பெடியனுக்கும் தெரியும்.

போன தை மாதம், நெல் பால் பிடித்த நேரம், வரம்போரம் வந்த தனியன் ஒன்றை மச்சான் பரணிலிருந்து சுட்டார். தூரம் 25 யார் இருக்கும். கையிலிருந்தது உங்கள் அனுமதியோடு வாங்கிய நாலாம் நம்பர். பன்றி ஒருமுறை குழறிவிட்டு ஓடிவிட்டது. விடிய, பக்கத்துக் காணிக்காரர் மரவள்ளிக்குள் விறகு பொறுக்கப் போனார். அது அங்கேதான் படுத்துக் கிடந்தது. அவர் தொடையில் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நாயை விட்டு ஊர்ப்பெடியள் அதை ஒருவாறு முடித்தார்கள். உரித்தபோது சன்னமெல்லாம் கொழுப்புக்குள் மிளகு தூவினமாதிரிக் கிடந்தது. ஒன்றுகூட விலாவைத் தாண்டவில்லை. அந்த மனுசன் இன்னும் கெந்திக் கெந்தித்தான் நடக்கிறார். பன்றிக்கும் அது நல்ல சாவல்ல.

எஸ்.ஜி. தோட்டாவும், ஒற்றைக் குண்டான ஸ்லக் தோட்டாவும் அனுமதிப்பத்திரத்திலேயே எழுதித் தாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. வேறொன்றும் இல்லை.

ரைபிள் கேட்கிறோம் என்று யாரும் பதறத் தேவையில்லை. வெளிநாட்டில் பன்றிக்கு .308, .30-06 என்று ரைபிள் அளவுகளைப் பேசுவார்கள், நல்ல கலிபர்கள்தான். ஆனால் .308 குண்டு 10 கிறாம் அளவுதான், நொடிக்கு 850 மீற்றர் அளவில் போகும். பன்றியைத் தவறினால் கிலோமீற்றர் கணக்கில் போய் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. எங்களுடையது மேடில்லாத வயல்வெளி. அடுத்த குளக்கட்டுக் கொட்டிலில் இன்னொருவர் காவலுக்குப் படுத்திருப்பார். சின்னக் குண்டு போடும் .22 ரைபிள் பற்றிப் பேசவே வேண்டாம், அது பன்றிக்குக் கோபத்தைத்தான் கொடுக்கும். பரணிலிருந்து நிலத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்கு 12 போர்தான் பொருத்தம். 30 யாருக்குள் எஸ்.ஜி. போதும். அதற்கு அப்பால் என்றால், குழலுக்கு ஒத்துவருமா என்று பார்த்து, 28 கிறாம் ஸ்லக். ஜெர்மனியில் வேட்டைச் சட்டம், ரைபிளால் பன்றியைச் சுடுவதானால் 6.5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 100 மீற்றரில் 2000 ஜூல் வலு இருக்க வேண்டும் என்கிறது. சன்னத்தால் சுடுவதையே அங்கே தடுத்திருக்கிறார்கள், ஸ்லக்குக்குத் தடையில்லை. அங்கே அரசாங்கம் குறைந்தது இவ்வளவு வலு வேண்டும் என்கிறது. இங்கே எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறீர்கள்.

குறைத்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் நீங்கள் அறியாததல்ல. துவக்கு உதவாது என்று கண்டவன், கயிறு இடறினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கிறான், வேலியில் கரண்ட் கொடுக்கிறான், கடித்தால் வெடிக்கும் வெங்காய வெடியைப் பூசணிக்காய்க்குள் வைக்கிறான். கட்டுத்துவக்கில் மாடு தேடிப் போனவனின் கால் போகிறது. வெடியைக் கடித்து வாய் சிதறிய யானைக்குட்டி பட்டினி கிடந்து சாகிறது. அப்போது மட்டும் கொழும்பில் எல்லோரும் கண்ணீர் விடுகிறோம். நானும்தான்.

இன்னொன்று. அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. புதுப்பிக்கும் காலம் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதாவது பெரும்போக விதைப்போடு ஓட வேண்டிய மாதங்கள். கடிதம் பிந்தினால் ஜனவரியில் துவக்கைத் தொட முடியாது. நெல் பால் பிடிப்பதும் அப்போதுதான். தயவுசெய்து பன்றிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, பத்திரம் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் மட்டும் அனுப்பினாலும் பரவாயில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் சொன்ன பிறகும், எங்களுக்கு வருகிற கடிதங்கள் அப்படித்தான் வருகின்றன, யாரிடமாவது கொடுத்து வாசித்துக்கொள்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பாதுகாப்புப் பற்றிய உங்கள் கவலை எங்களுக்கும் விளங்குகிறது. யுத்தம் பார்த்த ஊர்க்காரர்களுக்குத் துவக்கின் ஆபத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை தோட்டா வாங்கினோம், எத்தனை வெடித்தோம் என்று பதிவேடு வையுங்கள், வெற்றுக்கோதைத் திருப்பிக் கேளுங்கள், கிராம அலுவலரை வைத்து வயலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எல்லாவற்றுக்கும் உடன்படுகிறோம். ஆனால் பன்றிக்கு எஸ்.ஜி.யும் ஸ்லக்கும் தாருங்கள். கேட்கிறவனைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்க்காமல் தாருங்கள்.

மச்சானின் விண்ணப்பம் திரும்பவும் தபாலில் வருகிறது. எழுத்தில் பதில் தந்தால், முடிந்தால் தமிழில், நன்றியுடையவனாவேன். மறுப்பதானால் காரணத்தையும் எழுதுங்கள். அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து,
வன்னியில் வயலுள்ள ஒரு குடும்பத்தின் மருமகன்