மேய்க்காலில் ஒரு கூண்டு வையுங்கள்

உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிராம சபையில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே சண்டைதான். "ஆடு மொட்டையடிச்சிருச்சு, ஒரு வருசம் அடைச்சுப் போடுங்க" என்று ஒரு பக்கம். "புல்லு கெடக்கு, அடைச்சா எங்கே போவோம்?" என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கத்து ஆள். புலிக்குளம் மாடு கிடைபோட்ட வீடு. ஆனாலும் சொல்கிறேன், இருவரும் கண்ணளவில்தான் பேசுகிறோம்.

அளப்பது பெரிய வித்தையில்லை. ஐப்பசி மழைக்கு முன், உள்ளே உள்ள புல்லில் ஆடு மாடு வாய் வைக்க முடியாதபடி ஒரு கம்பிவலைக் கூண்டை ஊன்றுங்கள். மாசிக் கடைசியில் கூண்டுக்குள் ஒரு சதுர மீட்டர், வெளியே ஒரு சதுர மீட்டர் புல்லைத் தரையோடு அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுங்கள். பச்சையாக நிறுத்தால் ஈரம் ஏமாற்றிவிடும். உள்ளே 200 கிராம், வெளியே 80 கிராம் என்றால் 60 சதவீதம் மேய்ந்தாயிற்று. அடுத்த வருசம் கூண்டை இடம் மாற்றுங்கள்.

இடம் பார்ப்பதில்தான் சூட்சுமம். ஊருணிக் கரை எந்த வருசமும் மொட்டைதான். மாடு தண்ணீருக்கு வந்து நிற்கிற இடம் அது. கரட்டு உச்சிக்கு மாடு ஏறாது, அங்கே புல் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே, கொழுக்கட்டைப்புல் நிற்கிற தரையாகப் பாருங்கள். மேய்க்கிறவர்களையும் கூட்டிப் போங்கள். மாடு எதை முதலில் கடிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

உயரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பாதி உயரம் போனால் பாதிப் புல் போனதாக நினைக்கிறோம். ஒரு தூரை அறுத்து, நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் நிறுத்துப் பாருங்கள். கனமெல்லாம் அடித்துண்டில் இருக்கும். மேலே தாளும் கதிரும், மெலிசு. அடித்தூர் மிஞ்சினால்தான் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பாதி தின்னட்டும், பாதி நிற்கட்டும் என்று சொல்வது எடையில் பாதியைத்தான்.

ஒரு வருசக் கணக்கை வைத்து எதையும் அடைக்க வேண்டாம். மழையளவையும் சேர்த்து நாலு வருசமாவது எழுதுங்கள். அப்புறம், சீமைக்கருவேலம் மூடிய இடத்தில் புல் இல்லையென்றால் அதை ஆட்டின் கணக்கில் ஏற்றாதீர்கள்!

கம்பியைக் களவாடிப் போவார்கள் என்பீர்கள். சரி, அந்தக் கருவேல முள்ளையே வெட்டி, கொஞ்சம் அகலமாக வேலி கட்டி, நடுவில் அறுத்தால் போயிற்று.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டால் மழைக்கு முன் வைத்துவிடலாம். அறுக்கிற அன்று இரண்டு பக்கத்து ஆட்களும் தராசுப் பக்கத்தில் நிற்கட்டும். அரிவாள் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கிடைமாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை