‘மாமா’ என்ற ஒரு சொல்: பினாங்கில் குழந்தைகளுக்காக நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூகநல இலாகாவின் குழந்தைப் பாதுகாவலர்களுக்கும், பெண்கள், பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் காவல்துறையின் டி11 பிரிவினருக்கும், அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்கள், தாதியருக்கும், பினாங்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஒன்பது ஆண்டுகள் ஆலோசனை ஆசிரியை. பாலியல் தொல்லைக்கு ஆளான ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

இரண்டாம் ஆண்டு மாணவி. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போகாமல் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம். “டீச்சர், மாமா என்கிட்ட சேட்டை பண்றாரு. எனக்குப் புடிக்கல” என்றாள்.

அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தோன்றியதைச் செய்தேன். எங்கே தொட்டார், எத்தனை தடவை, இப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டே போனேன். பதிலை நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அப்புறம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்த மாமாவும் அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டில் எல்லாருக்கும் விஷயம் போய்விட்டது. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா துணிந்து புகார் கொடுக்க வந்தார். நானும் கூடப் போனேன். முகப்பில் இருந்த இளம் பெண் போலீஸ் மிகவும் அன்பானவர். பிள்ளைக்கு ஒரு மைலோ பொட்டலம் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். அது சரிதான். அம்மா அடையாள அட்டையை நகலெடுக்கப் போயிருந்தார். அந்தப் போலீஸ்காரர் “யார்?” என்று மலாயில் கேட்டிருக்கிறார். பிள்ளை “மாமா” என்றிருக்கிறாள். “மாமா? இபு?”, அதாவது அம்மாவா என்று அவர் திருப்பிக் கேட்க, பிள்ளை தலையாட்டிவிட்டாள். மலாய் வீடுகளில் அம்மாவை மாமா என்று கூப்பிடும் பிள்ளைகள் உண்டு. அந்தப் போலீஸ்காரர் கேட்டதில் தப்பில்லை. சீருடை போட்டவர் எது கேட்டாலும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தலையாட்டத்தான் செய்யும்.

புகாரில் அம்மாவே குற்றவாளியாகப் பதிவானார். ‘சேட்டை’ என்ற சொல் மலாயில் ‘நகால்’ (nakal) ஆகியிருந்தது. அதாவது, குறும்பு. நகலை வாங்கிப் படித்த அந்தத் தாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு இரண்டாவது புகார் எழுதப்பட்டது. முதல் புகாரில் ஒருவர், இரண்டாவதில் வேறொருவர். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்த இரண்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போகவே இல்லை.

அவள் நடந்ததை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். என்னிடம், தலைமையாசிரியரிடம், போலீஸ் முகப்பில், மருத்துவமனையில் இரண்டு பேரிடம் தனித்தனியாக, சமூகநல அதிகாரியிடம், விசாரணை அதிகாரியிடம். ஏழு முறை. மூன்றாவது முறை சட்டைக் காலரைக் கடிக்கத் தொடங்கினாள். ஐந்தாவது முறை “தெரியாது” என்றாள். கடைசியில் எதைக் கேட்டாலும் தலையாட்டினாள்.

இந்த ஏழு பேரில் ஒருவரும் கெட்டவரில்லை. மருத்துவர் தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்து பேசினார். சமூகநல அதிகாரி தன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார். ஆனால் ஒருவர் கேட்டு முடித்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தோம். அத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நொந்துபோனாள்.

சட்டத்தில் குறை என்று சொல்ல மாட்டேன். கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985இலேயே குழந்தை வதையைப் பலர் சேர்ந்து கவனிக்கும் ‘ஸ்கேன்’ (SCAN) குழு அமைந்துவிட்டது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், பாதுகாவலர் தலைமையில் மருத்துவ அதிகாரியும் மூத்த போலீஸ் அதிகாரியும் சேர்ந்த குழந்தைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு வழி செய்கிறது. 2007இல் வந்த குழந்தைச் சாட்சியச் சட்டம், பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்து நீதிமன்றத்தில் காட்டவும், குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை போடவும் இடம் தருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். ஆசிரியருக்கும் அதே கதிதான். ஆனால் அபராதத்துக்குப் பயந்து ஓடிப்போய்ப் புகார் கொடுப்பது வேறு, அதைச் சரியாகச் செய்வது வேறு. நான் ஓடிப்போய்த்தான் கொடுத்தேன்.

நான் கேட்பது, எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்பதுதான். இப்போது போலீசுக்குத் தனிப் பயிற்சி, மருத்துவர்களுக்குத் தனிப் பட்டறை. ஆசிரியர்களுக்கு எப்போதாவது ஒரு மதிய நேரத்தில் ஒரு பேச்சு, சான்றிதழ், குழுப்படம். இது போதாது. ஒரு பிள்ளையின் கதையை, பெயர் ஊர் எல்லாம் மாற்றி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து நடத்திப் பாருங்கள். ஆசிரியை போலீஸ் முகப்பில் உட்காரட்டும். போலீஸ் அதிகாரி பள்ளி அறை வாசலில் அந்தப் பிஸ்கட் பொட்டலத்தோடு நிற்கட்டும். மருத்துவரிடம் வருவதற்கு முன் பிள்ளை எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்பதை மருத்துவரே எண்ணட்டும். யார் விரிவாகக் கேட்பது, மற்றவர்கள் எதோடு நிறுத்திக்கொள்வது என்று அங்கேயே பேசி முடிவு செய்யலாம்.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது மிகக் கொஞ்சம்தான். காது கொடுத்துக் கேள். நம்புகிறேன் என்று சொல். துருவாதே. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, தமிழிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வை. உடனே போலீசுக்குச் சொல், 15999 உதவி எண்ணுக்குக் கூப்பிடு. இதைச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். பதற்றத்தில் மறக்காமல் இருக்கத்தான் பழக்கம் வேண்டும்.

தமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்த விஷயத்தை நேராகச் சொல்வதில்லை. ‘சேட்டை பண்ணாரு’, ‘தொந்தரவு கொடுத்தாரு’, ‘கெட்ட விளையாட்டு’, ‘தப்புப் பண்ணாரு’ என்பார்கள். மாமா என்றால் தாய்மாமனாக இருக்கலாம், அத்தை கணவராக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராகவும் இருக்கலாம். உடல் உறுப்புக்கு வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர். சில வீடுகளில் பெயரே கிடையாது, ‘அங்க’ என்பதோடு சரி. சட்டச் சொற்களை நன்றாக மொழிபெயர்க்கும் ஒருவர் இந்த இடத்தில் தடுமாறிவிடுவார். எனவே மொழிபெயர்ப்பாளர்களும் அந்த அறைக்கு வர வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களோடு உட்கார்ந்து இந்தச் சொற்களுக்கு ஒரு சிறு பட்டியல் தயார் செய்ய வேண்டும். எந்தச் சொல்லைக் கேட்டால் நிறுத்தி, “யாரு அந்த மாமா? பேரு என்ன?” என்று கேட்க வேண்டும் என்பது அதில் இருக்கட்டும்.

இன்னொன்று. புகார் போன பிறகு பள்ளிக்கு ஒரு தகவலும் வருவதில்லை. ரகசியம் காக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திங்கட்கிழமை அவள் திரும்ப வகுப்புக்கு வருகிறாள். அந்த ஆள் இன்னும் வீட்டில் இருக்கிறாரா, யார் வந்தால் அவளை அனுப்பக்கூடாது என்பதாவது வகுப்பாசிரியைக்குத் தெரிய வேண்டாமா?

தலைமையாசிரியர்களே, பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்ற பயம் எனக்கும் தெரியும். நானும் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். அந்தப் பயத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆள்பலம் இல்லை என்று சொல்ல முடியாது. மின்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975லிருந்து சமூகப்பணிப் படிப்பு நடத்துகிறது. 1985இல் தொடங்கிய பினாங்கு மகளிர் மாற்ற மையம் (WCC) பிள்ளைகளுக்கு நீதிமன்றத்தில் துணை நிற்கிறது. நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். பள்ளிக்கு இருவர் என்றால் 56 பேர். ஒரு மண்டபம், ஒரு சனிக்கிழமை.

அந்தச் சொற்பட்டியலுக்கு என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளில் பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளைப் பெயர் போடாமல் குறித்து வைத்தது. முதல் பக்கத்தில் ‘சேட்டை’ என்று எழுதியிருக்கிறேன். தேதி குறித்துச் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆலோசனை ஆசிரியை,
செபராங் பிறை